கூடுதல் திருகாணி: இரண்டு

எதிர்க்கடை வாசலில் பித்தளைத் தகடு ஏறிய நாளிலிருந்து ஆணிக்கடைக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வைத்தியர் நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அமுக்கினார், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். பாவம், அவருக்கு எங்கே தெரியும்? நோய் இருந்தது இவர் வயிற்றில். நோயின் காரணம் தெருவுக்கு அந்தப் பக்கம், ஆளுயரத்துக்குச் சற்று மேலே, நான்கு திருகாணிகளில் நின்றுகொண்டிருந்தது.

'நேர்மை மிக்க வணிகர். முதல் நிலை. வணிக நேர்மை வாரியம்' என்று அதில் பொறித்திருந்தது.

எதிர்க்கடை துணிக்கடை. அதன் சொந்தக்காரர் இவருக்குச் சகலை. அக்காவை இவர் கட்டினார், தங்கையை அவர் கட்டினார். தகடு யாரோ மூன்றாம் மனிதனுக்குக் கிடைத்திருந்தால் இவரே முதல் ஆளாகப் போய்க் கைகொடுத்திருப்பார். சகலைக்குக் கிடைத்தால் எப்படிக் கொடுப்பது? மாமனார் வீட்டில் இரண்டு நாற்காலி போட்டால் எது உயரம் என்று கண்ணாலேயே அளந்து பார்க்கிற உறவு அல்லவா அது.

அதுவும் அளவு விஷயத்தில் சகலைக்கு நேர்மைப் பட்டம்! அந்தக் கடை அளவுகோல் மீட்டருக்கு இரண்டு விரற்கடை குறைவு என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். துணியைக் கொண்டுபோய்த் தையற்காரரிடம் நீட்டினால், "எதிர்வரிசைத் துணியா? அப்ப அரைக்கைதான் வரும்" என்று அளவெடுக்கும் முன்பே சொல்லிவிடுவார்.

இவர் கடையிலோ வழக்கம் வேறு. தராசு முள் நடுவில் வந்து நின்றபிறகு, ஆணிப் பெட்டிக்குள் கையைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பையில் போடுவார். கொசுறு. முப்பது வருஷமாக அப்படித்தான். வாங்க வருகிறவர்களும் எடை போட்டதும் பையை மடிக்க மாட்டார்கள். பையின் வாயைத் திறந்தே பிடித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பிடி விழுந்த பிறகுதான் மடிப்பார்கள். தச்சர் ஒருவர் இருக்கிறார், கடை திறந்த முதல் வாரத்திலிருந்து வாடிக்கை. அவர் பையைத் திறந்து பிடித்தபடி வேறெங்கோ வேடிக்கை பார்ப்பார். பிடி விழும் சத்தம் கேட்டதும் மடிப்பார். எடை சரியா என்று தராசை ஒருநாளும் பார்த்ததில்லை.

"அந்தத் தகட்டை மாட்ட ஸ்க்ரூ யாருகிட்ட வாங்கினார் தெரியுமா?" என்று மனைவியிடம் பொருமினார். "என்கிட்ட! நாலு கேட்டார். ரெண்டு கூடப் போட்டு ஆறாக் குடுத்தேன். எதுக்குன்னு கேக்காம குடுத்தேன்!"

"அப்ப நல்லாத்தான் நிக்கும்" என்றாள் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள்.

"நீ எங்க பாக்குற?"

"ரோட்டை."

"ரோடு கீழ இருக்கு. நீ மேல பாக்குற."

"தங்கச்சி நேத்து சொன்னா. அதைத் துடைக்கன்னே தனியாத் துணி கிழிச்சு வச்சிருக்காராம் அவர்."

"அதையும் ரெண்டு விரல் குறைச்சுத்தான் கிழிச்சிருப்பார்."

அவள் சிரித்தாள். ஆனால் சிரித்துவிட்டு மறுபடி மேலேதான் பார்த்தாள். அதற்குமேல் பொறுக்க முடியாமல் ஆணிக்கடைக்காரர் செருப்பை மாட்டினார்.

வணிக நேர்மை வாரியம் மூன்று பிரிவாக இயங்கியது. தரைத்தளத்தில் வணிகம், முதல் மாடியில் சட்டம், மூன்றாம் மாடியில் அறம். மின்தூக்கி இரண்டாம் மாடியோடு நின்றுவிடும். "அறத்துக்குப் படியேறித்தாங்க போகணும்" என்றார் காவலாளி. "மேல போறவங்க கம்மி. அதான் செலவு பண்ணல."

தரைத்தளத்துக் குமாஸ்தா விண்ணப்பத்தை வாங்கிப் புரட்டினார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"புகார் எண் எழுதல?"

"என் மேல புகாரே இல்லீங்க."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லீங்க" என்றார் ஆணிக்கடைக்காரர், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி.

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை வருஷமாக் கடை?"

"முப்பது."

"முப்பது வருஷமா என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, இது தன் சக்திக்கு மீறியது என்பதுபோல மேலே கையைக் காட்டினார்.

முதல் மாடியில், தகடு மாட்டியிருக்கும் துணிக்கடை அளவுகோல் குறைவு என்பதையும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். அது கவனத்தில் இருப்பதாகப் பதில் வந்தது. கோல் குறைந்துவிட்டதா அல்லது மீட்டர் நீண்டுவிட்டதா என்று ஒரு குழு ஆராய்ந்து வருகிறதாம்.

மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறினார். அறப்பிரிவு அதிகாரி நல்ல மனிதர். நாற்காலி காட்டினார், தண்ணீர் கொடுத்தார், வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"ஐயா, நேர்மைன்னா என்னன்னு நினைக்கிறீங்க? தப்பு செய்யாம இருக்கிறதா? அது சும்மா பழக்கம். கல்லுகூடத்தான் தப்பு செய்யாது. கல்லுக்குச் சான்று குடுக்க முடியுமா? தப்பு செஞ்சு, மாட்டி, மனசு வருந்தி, மூணு பிரதியில கையெழுத்துப் போடுறதுக்குப் பேருதான் நேர்மை. உங்க எதிர்க்கடைக்காரரைப் பாருங்க. பதினேழு புகார். பதினேழு தடவை வருந்தியிருக்கார். கடைசித் தடவை அவர் வருந்தினதைப் பார்த்து நானே கண்ணைத் துடைச்சுக்கிட்டேன்."

"அளவுகோலை மாத்தினாருங்களா?"

"கோல் வணிகப் பிரிவு. அது கீழ. இங்க மனசை மட்டும்தான் பாப்போம்."

ஆணிக்கடைக்காரர் விண்ணப்பத்தைத் திரும்பக் கேட்டார். அது முடியாது என்றார் அதிகாரி. கொடுத்தது கொடுத்ததுதான். இனி விதிப்படி ஆகவேண்டியது ஆகும்.

ஆனது. மூன்றாம் நாள் வாரியத்து ஆள் ஒருவர் ஏணியோடு வந்தார். கடை வாசலில் ஒரு கறுப்புத் தகரத்தை மாட்டினார். அதில் வெள்ளை எழுத்தில், 'இவ்வணிகரின் நேர்மை இன்னும் உறுதிப்படவில்லை.'

"இதென்னய்யா?"

"விண்ணப்பிச்சவங்களுக்கு மட்டும்தாங்க இது. விண்ணப்பிக்காதவங்களுக்கு நாங்க எதுவும் செய்யறதில்ல."

தெருவில் முப்பத்திரண்டு கடை. ஒன்றில் பித்தளை, ஒன்றில் கறுப்புத் தகரம், மற்றவற்றில் வெறும் சுவர். வெறும் சுவர்க்காரர்களைப் பார்த்தும் பொறாமைப்படுகிற நிலைமைக்கு மனிதர் வந்துவிட்டார். மாலையில் சகலை தெருவைக் கடந்து வந்து, தகரத்தை அண்ணாந்து பார்த்து, உச்சுக்கொட்டினார்.

"என்ன சகல, இப்படி மாட்டிக்கிட்டீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? முதல்ல புகார் வாங்கணும். அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்."

"எப்படி வாங்குறது?"

"அதை எப்படிச் சொல்றது சகல..." சகலை தாடையைத் தடவினார். "அது பிறவியிலேயே வரணும்."

வராததை வரவழைக்கப் பார்த்தார் ஆணிக்கடைக்காரர். மறுநாளே தச்சரிடம் கெஞ்சினார். "ஒரே ஒரு புகார். எடை குறைஞ்சதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்."

"உங்க மேலயா?" தச்சர் பையைத் திறந்து பிடித்தபடியே கேட்டார். "நான் செஞ்ச கதவெல்லாம் உங்க ஆணியிலதான் நிக்குது. புகார் எழுதினா அத்தனையும் ஒரே நாள்ல கீழ விழும். வேற யாரையாவது பாருங்க."

முன்பின் தெரியாத ஒரு அம்மாள் அரைக்கிலோ ஆணி கேட்டு வந்தாள். இதுதான் சமயம் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஐம்பது கிராம் குறைத்துப் போட்டார். போட்டாரே ஒழிய, அவர் கை சும்மா இருக்கவில்லை. அதுபாட்டுக்குப் பெட்டிக்குள் போய் ஒரு பிடி அள்ளிப் பையில் போட்டுவிட்டது. அந்த அம்மாளுக்கு அறுபது கிராம் லாபம். அடுத்த வாரம் தன் நாத்தனாரையும் அழைத்து வந்தாள்.

எந்தச் சாவி போட்டாலும் திறந்துகொள்ளும் பழுதான பூட்டு ஒன்று மூலையில் கிடந்தது. அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஒரு வெளியூர்க்காரரிடம் விற்றார். பத்தாம் நாள் அவர் ஓடிவந்ததைக் கண்டதும் ஆணிக்கடைக்காரரின் நெஞ்சு குதித்தது. புகார்!

"உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும்யா!" என்றார் வெளியூர்க்காரர். "வீட்டுச் சாவியைத் தொலைச்சுட்டேன். மச்சினன் பீரோ சாவியைச் சும்மா போட்டுப் பார்த்தேன், திறந்துக்கிச்சு. இந்த மாதிரிப் பூட்டு இன்னும் மூணு வேணும்."

இப்படி ஏமாற்றவும் கையாலாகாமல் அவர் இடிந்து உட்கார்ந்திருந்த ஒரு காலை வேளையில், பழுப்பு உறை ஒன்று வந்தது. பிரித்தார். படித்தார். எழுந்து நின்றார்.

"புகார்! என் மேல புகார் வந்திருக்கு!"

"புகார் வந்ததுக்குக் குதிக்கிற முதல் ஆம்பளை நீங்கதான்" என்றாள் மனைவி. "யார் குடுத்தது?"

"பேரு ரகசியமாம். போடமாட்டாங்களாம்." கடிதத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வாசித்தார். "'புகார்தாரர், பெயர் வெளியிடப்படாதவர், பிரதிவாதிக்கு எதிர்க்கடையில் துணி வியாபாரம் செய்பவர், பிரதிவாதியின் மனைவிக்குத் தங்கை கணவர்...'"

இருவரும் எதிரே பார்த்தார்கள். சகலை அப்போதுதான் அவசர அவசரமாகத் தகட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

விசாரணை முதல் மாடியில் நடந்தது. சட்டப்பிரிவு அதிகாரி அரக்கு முத்திரையிட்ட ஓர் உறையை உடைத்தார். வெள்ளைத் துணிமேல் இரண்டு திருகாணிகள் விழுந்தன. குமாஸ்தா உரக்கப் படித்தார்: "கூடுதல் திருகாணி, இரண்டு."

"இதை அடையாளம் தெரியுதா?"

"என் கடைச் சரக்குதாங்க."

"புகார்தாரர் எத்தனை கேட்டார்?"

"நாலு."

"நீங்க எத்தனை குடுத்தீங்க?"

"ஆறு."

"ஏன்?"

முப்பது வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. யோசித்துப் பார்த்தார். தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "கை... அதுபாட்டுக்குப் போயிடுதுங்க."

"எழுதிக்கங்க" என்றார் அதிகாரி. "தன் கை தன் கட்டுப்பாட்டில் இல்லை என்பதைப் பிரதிவாதி ஒப்புக்கொண்டார்."

பிறகு சகலையைப் பேசச் சொன்னார்கள். சகலை எழுந்து, பதினேழு முறை பழகிய பணிவோடு கைகட்டி நின்றார்.

"எனக்கு அவர்மேல தனிப்பட்ட விரோதம் ஒண்ணும் இல்லீங்க. சொந்தக்காரர். ஆனா என் கடைக்கு வர்றவங்க துணியை அளந்து வெட்டினப்புறமும் போகாம நிக்கிறாங்க. கையை நீட்டிக்கிட்டே நிக்கிறாங்க. என்னம்மான்னா, 'ஆணிக்கடையில போடுவாரே'ங்கிறாங்க. பதினஞ்சு வருஷமா இதையே கேக்குறேன். என் பொண்டாட்டியே கேக்குறா, 'அத்தான் மாதிரி உங்களுக்கு ஏன் கை வரலை'ன்னு. சோறு இறங்கலீங்க எனக்கு."

ஆணிக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். வைத்தியர் கையில் பிடிபடாத தன் நோய், அதே குறிகளோடு, எதிரே கைகட்டி நின்றுகொண்டிருந்தது. அதுவும் பதினைந்து வருஷமாக! மாதக்கணக்கில் எரிந்த வயிற்றில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியதுபோல இருந்தது. அந்த நொடியே எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதை சுபமாக முடிந்திருக்கும்.

ஆனால் அதிகாரி பேசத் தொடங்கிவிட்டார். பேசப் பேச அவர் குரல் தழுதழுத்தது.

"குறைச்சுக் குடுக்கிறவர் யாரோ ஒருத்தரைத்தான் ஏமாத்துறார். அதுக்குச் சட்டம் இருக்கு, தண்டனை இருக்கு, நாங்க இருக்கோம். கூடக் குடுக்கிறவரை என்னய்யா பண்றது? வாங்கிட்டுப் போறவன் வீட்ல போய் எடை பாக்க மாட்டான். எடை பாக்கலைன்னா சந்தேகம் வராது. சந்தேகம் இல்லைன்னா புகார் இல்ல. புகாரே இல்லைன்னா இந்தக் கட்டடம் எதுக்கு? இங்க நூத்திப்பத்துப் பேர் வேலை பாக்குறோம். எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரங்க. நீங்க ஒரு பிடி ஆணியை அள்ளிப் போடுறப்ப அது எங்க வயித்துல விழுதுன்னு என்னைக்காவது நினைச்சுப் பாத்தீங்களா?"

ஆணிக்கடைக்காரர் உண்மையிலேயே நினைத்துப் பார்த்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"வருந்துறார்!" என்றார் அதிகாரி குமாஸ்தாவிடம், சட்டென்று குரல் தெளிந்து. "எழுதிக்கங்க."

எல்லாம் தயாராக இருந்தது. மூன்று பிரதிகள். 'இனி எடைக்குமேல் ஓர் ஆணியும், எண்ணிக்கைக்குமேல் ஒரு திருகாணியும் தரமாட்டேன்.' கையெழுத்துப் போட்டால் கறுப்புத் தகரம் இறங்கும், பித்தளை ஏறும். மேசை ஓரத்தில் அந்தப் பித்தளை, காகித உறைக்குள் பாதி தெரிந்து மின்னியது.

"முதல் நிலைதானே?" என்று கேட்டார் ஆணிக்கடைக்காரர்.

"ஒரே புகார், ஒரே வருத்தம். மூணாம் நிலைதான் வரும்."

எதிரே சகலையின் மீசைக்கடியில் ஒரு சிரிப்பு ஓடி மறைந்தது. ஆணிக்கடைக்காரர் பார்த்துவிட்டார். இப்போது வேண்டாம் என்று எழுந்தால், மூன்றாம் நிலைக்குக்கூட லாயக்கில்லாதவன் என்று மாமனார் வீடுவரை கதை போகும். வாங்கிக்கொண்டால் பிறகு இரண்டு, பிறகு ஒன்று என்று ஏறிவிடலாம், சகலை ஏறவில்லையா? ஊற்றிய தண்ணீரெல்லாம் ஆவியாகி, வயிறு மறுபடி பற்றிக்கொண்டது. பேனாவை வாங்கி மூன்று பிரதியிலும் போட்டார்.

மறுநாள் காலை தகட்டை மாட்டத் தச்சரையே கூப்பிட்டார்கள். மேற்பார்வைக்கு வாரியத்து ஆள் வந்திருந்தார். ஆணிக்கடைக்காரர் பெட்டியிலிருந்து நான்கு திருகாணிகளை எடுத்து எண்ணிக் கொடுத்தார். வாரியத்து ஆளும் ஒருமுறை எண்ணினார்.

மூன்று நன்றாக ஏறின. நான்காவதன் தலை உடைந்துவிட்டது. தகடு ஒரு மூலையில் தொங்கியது. தச்சர் ஏணியில் நின்றபடியே, முகத்தைத் திருப்பாமல், கையை மட்டும் கீழே நீட்டினார். எப்போதும்போல.

ஆணிக்கடைக்காரரின் கை பெட்டிக்குள் போயிற்று. விரல்கள் திருகாணியைத் தொட்டன. வாரியத்து ஆள் லேசாகக் கனைத்தார். கை அங்கேயே நின்றது.

நீட்டிய கை வெகுநேரம் வெறும் கையாகவே இருந்ததால் தச்சர் திரும்பிப் பார்த்தார். ஆணிக்கடைக்காரரைப் பார்த்தார், வாரியத்து ஆளைப் பார்த்தார், பெட்டிக்குள் கிடந்த கையையும் பார்த்தார்.

"சரி விடுங்க" என்றார். தன் சாமான் பையிலிருந்து துருப்பிடித்த தகர டப்பா ஒன்றை எடுத்துக் குலுக்கினார். உள்ளே கலகலவென்று நிறையக் கிடந்தன. "எங்கிட்ட இருக்கு. எல்லாம் உங்க கடைக் கொசுறுதான். வீணாக்க மனசு வராம சேர்த்து வச்சிருக்கேன்."

அதிலிருந்து ஒன்றைப் பொறுக்கி முடுக்கினார். 'நேர்மை மிக்க வணிகர், மூன்றாம் நிலை' நேராக நின்றது. வெளியிலிருந்து கொண்டுவந்த திருகாணி பற்றி விதியில் எதுவும் இல்லாததால் வாரியத்து ஆளும் குறித்துக்கொண்டு போனார்.

"வாழ்த்துகள் சகல!" என்று எதிரிலிருந்து குரல் வந்தது. "மூணாம் நிலைக்குப் பளபளப்புக் கொஞ்சம் கம்மிதான். துடைச்சா வந்துடும். துணி வேணும்னா சொல்லுங்க."

தச்சர் ஏணியை மடித்துச் சாய்த்துவிட்டு வழக்கமான ஒரு கிலோ கேட்டார். ஆணிக்கடைக்காரர் போட்டார். முள் ஆடி, அடங்கி, நடுவில் நின்றது. பையில் கொட்டிக் கொடுத்தார். தச்சர் பையின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்த்தார்.

ஒன்றும் விழவில்லை.

கல்லாவில் இருந்த மனைவி தலையைக் குனிந்து எதையோ தேடுவதுபோலப் பாவனை செய்தாள். ஆணிக்கடைக்காரர் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டி, ஒன்றை ஒன்றால் பிடித்துக்கொண்டார்.

தச்சர் தகட்டை அண்ணாந்து பார்த்தார். பிறகு, முப்பது வருஷத்தில் முதல்முறையாக, பையை மறுபடி தராசின்மேல் வைத்து, குனிந்து முள்ளைப் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு" என்றார்.

பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை சாமான் பைக்குள் அந்தத் தகர டப்பா கலகலத்துக்கொண்டே போயிற்று. ஆணிக்கடைக்காரர் எதிர்க்கடைத் தகட்டை மறந்து, அந்தச் சத்தத்தையே பொறாமையோடு கேட்டுக்கொண்டு நின்றார்.